ஆரல்வாய்மொழி வாசலில் கிழட்டு காற்றாடிகள்... கழற்றுவதா, ஓட விடுவதா?

நெல்லையில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ்சில் போகிறவர்கள் காவல்கிணறு தாண்டியதும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாடிக் காடு! முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் வண்டியை ஓரங்கட்டி கும்பிட்டுவிட்டு கிளம்பினால் அடுத்தது ஆரல்வாய்மொழி. குமரி மாவட்டத்தின் வாசல். 1809-ல் வேலுத்தம்பி தளவாய் காலத்து கோட்டைச் சுவரை உடைத்து வெள்ளைக்காரன் படை உள்ளே நுழைந்ததும் இந்த வழியாகத்தான்.

அவனுக்கு முன்னாடியே இந்த வழியைக் கண்டுபிடித்தது காற்று.

அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்கு பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மலையில் எங்கே சந்து இருக்கோ, அங்கே பிதுங்கிக்கொண்டு பாய்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று பெரிய கணவாய்கள் நாலு. தாண்டிக்குடி, கொடைக்கானல் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த ஆண்டிப்பட்டி காற்றாலைகள் கம்பம் கணவாய் காற்றில் ஓடுபவை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் சக்தி எட்டு மடங்கு ஏறும். சந்துக்கு அதனால்தான் இத்தனை கிராக்கி.

தமிழ்நாட்டில் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. அதன்பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று 1993-க்குள் மின்வாரியம் 120 காற்றாடிகளை நிறுத்தியது. எல்லாம் சேர்த்து 19 மெகாவாட் சொச்சம்தான். 'காத்துல கரண்டா?' என்று கேட்டவர்களுக்கு காட்டத்தான் அவை. அப்புறம் வரிச் சலுகை கிடைத்ததும் நூல் மில்காரர்கள் போட்டி போட்டு வாங்கி நட்டார்கள்.

அந்தக் காலத்து 225 கிலோவாட் காற்றாடி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் சுற்றினால் 225 யூனிட். சிக்கனமான வீட்டுக்கு இரண்டு மாத கரண்ட்! 2012-ல் பல ஊர்களில் 12 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட் ஆனபோது, ஆடிக்காற்று எப்போ வரும் என்று ஜனங்கள் காத்திருந்தது சும்மா இல்லை.

இப்போ அந்த பழசுகளுக்கு வயசாகிவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம். பழைய இறக்கை ஒன்று சுமார் 13 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளம். புதுசில் 70 மீட்டர் இறக்கை எல்லாம் வந்தாச்சு. அன்றைக்கு வாரியம் வைத்த 120-ம் தந்த திறனை இன்றைய 3 மெகாவாட் காற்றாடி ஏழே கொடுத்துவிடும். நல்ல காற்றடிக்கிற முதல்தர இடத்தில் பழசு உட்கார்ந்திருக்க, புதுசு வெளியே நிற்கிறது. காற்றாலையில் பல வருஷம் முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டை 2023-ல் குஜராத் முந்திவிட்டது.

பழசைக் கழற்றி புதுசு வைக்க 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. பழசை பழுது பார்த்து ஆயுளை நீட்டவும் அதில் வழி உண்டு. ஆனால் அதில் உள்ள கட்டணத்துக்கு காற்றாலை முதலாளிகள் எதிர்ப்பு.

கட்டணம் பேசி முடிக்கிற விஷயம். நிலம்தான் பெரிய சிக்கல். ஒரு ராட்சத காற்றாடியின் காற்று மறைவில் இன்னொன்று நின்றால் இரண்டாவதுக்கு காற்று கிடைக்காது. அதனால் இடைவெளி விட்டே நடணும். முப்பந்தலில் ஒருத்தர் காற்றாடிக்கு பக்கத்திலேயே இன்னொருத்தர் காற்றாடி. பத்தைக் கழற்றினால் ஒன்றோ இரண்டோதான் நட முடியும். அந்த ஒன்று யார் பெயரில்? மிச்சம் பேருக்கு பங்கு எவ்வளவு? இது முடிவாகிற வரை, ஆடியில் பழசும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.