முழுநிலா வேண்டாம், அரைநிலா போதும்!

தொலைநோக்கி கிடைத்ததும் நிலாவைப் படம் பிடிக்கப் பலரும் பௌர்ணமிக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் அதைவிட நல்ல நாள் வளர்பிறை எட்டாம் நாள். அன்று மாலை பாதி நிலா தெரியும்.

பௌர்ணமியன்று வெயில் நம் பக்கத்திலிருந்தே நேராக நிலாமேல் விழுகிறது. அதனால் நிழல்கள் நம் கண்ணில் படுவதில்லை. மலை, பள்ளம் எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைநிலாவில் வெயில் பக்கவாட்டில் விழுகிறது. மாலையில் விளையாட்டுத் திடலில் உங்கள் நிழல் எவ்வளவு நீளம்! அதுபோல, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே சிறு மேடுகூட நீண்ட நிழல் வீசும். வளர்பிறையில் அந்தக் கோடுதான் நிலாவின் சூரிய உதயம்.

1609-இல் வானியலாளர் கலிலியோ அந்தக் கோட்டைத் தாண்டி, இருட்டுக்குள் சில ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அடிவாரம் இருண்டிருக்க, வெயில் முதலில் தொட்ட மலையுச்சிகள் அவை! அவை கோட்டிலிருந்து தள்ளியிருந்த தூரத்தை வைத்து மலைகளின் உயரத்தையும் கணக்கிட்டார். கண்டதையெல்லாம் கையால் வரைந்தார்.

நமக்குக் கைபேசி போதும். நிலா உயரே இருக்கும்போதே தொடங்குங்கள். குறைந்த அளவு பெரிதாக்கும் கண்ணருகு லென்ஸை முதலில் மாட்டுங்கள். கைபேசிக் கேமராவை அதற்கு நேராக, அசையாமல் பிடியுங்கள். திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். நிலா வெயிலில் கிடக்கும் பாறை, அதனால் மிகப் பிரகாசமானது. விரல் பட்டால் படம் கலங்கும். எனவே டைமரை வைத்து எடுங்கள். பூமி சுழல்வதால், சுமார் 2 நிமிடத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எச்சரிக்கை: அதைச் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பாதீர்கள். கண் பறிபோகும்.

அந்த ஒளிக்கோடு நாளுக்குச் சுமார் 12 பாகை நகர்கிறது. ஆகவே வளர்பிறையில் ஒவ்வொரு இரவும் புதிய பள்ளங்களுக்கு விடியும். சுமார் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளத்தை வளர்பிறை பத்தாம் நாளையொட்டிப் படம் பிடியுங்கள். தேய்பிறை ஒன்பதாம் நாளையொட்டி விடியுமுன் எழுந்து மறுபடி எடுங்கள். முதல் படத்தில் ஒரு பக்கச் சுவரின் நிழல் பள்ளத்துக்குள் விழுந்திருக்கும். இரண்டாவதில் எதிர்ச் சுவரின் நிழல். முதல் படம் அந்தப் பள்ளத்தின் காலை, அடுத்தது அதன் மாலை. நிலாவில் ஒரு பகல் ஏறத்தாழ இரண்டு வாரம் என்பதற்கு நீங்களே எடுத்த சான்று அது!