ஆண் வழுக்கை

ஆண் வழுக்கை என்பது மரபுக் காரணிகளாலும் ஆண் இயக்குநீர்களாலும் தலைமுடி படிப்படியாகக் குறைவதாகும்.

காரணம்

டெசுட்டோசுட்டெரோன் என்னும் இயக்குநீர், 5-ஆல்பா ரிடக்டேசு நொதியால் டைஐதரோடெசுட்டோசுட்டெரோனாக மாறுகிறது. இது நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சுருக்குவதால் முடி மெலிகிறது. பிடரி முடி பெரும்பாலும் நிலைத்திருக்கும். முடி மாற்று அறுவையில் அதுவே எடுத்து நடப்படுகிறது. பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டோருக்கு இவ்வழுக்கை ஏற்படுவதில்லை என சேம்சு ஆமில்டன் 1942 இல் காட்டினார்.

மருத்துவம்

முதலில் இரத்த அழுத்த மருந்தாகப் பயன்பட்ட மினாக்சிடில், தலையில் பூசும் மருந்தாக 1988 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மேற்கூறிய நொதியைத் தடுக்கும் பினாசுட்டெரைடு மாத்திரை 1997 இல் ஒப்புதல் பெற்றது. இவை முடியிழப்பை மட்டுப்படுத்தும். நிறுத்தினால் பயன் நீங்கிவிடும். பினாசுட்டெரைடு சிலருக்குப் பாலியல் நாட்டத்தைக் குறைப்பதால் மருத்துவர் அறிவுரை தேவை. முடியிழப்பு தன்னளவில் உடலுக்குத் தீங்கன்று. மருந்தை நாடாமல் முடியை ஒட்ட வெட்டிக்கொள்வோரும் உளர்.