ஹெட் கரையேறும் நேரம்

ஐப்பசி பிறந்துவிட்டால் கோவளம் கடற்கரையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. காற்று வலுக்கும்போது முன்னெச்சரிக்கையாக மின்வாரியமே லைனை நிறுத்திவிடுவதும் உண்டு. வீட்டில் விளக்கு அணையும் அந்த நொடியில், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு உயிர்போகிற வேலை ஒன்று இருக்கிறது.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல் மழமழப்பான தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. மூன்றரை அங்குல டிஸ்க்கில் தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓடுகிறது. அந்த வேகத்தில் தட்டோடு சேர்ந்து இழுபடும் காற்றுதான், படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். தட்டு சுழன்றால்தான் காற்று. காற்று இருந்தால்தான் ஹெட் மிதக்கும். சுழற்சி நின்றால் ஹெட் தட்டின்மேல் விழும். தகவல் பதிந்திருக்கும் இடத்தில் விழுந்தால் சேதம்தான்.

சீகேட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த 5 எம்பி டிஸ்க்கின் காலத்தில், ஹெட்டை ஓரமாக ஒதுக்கி நிறுத்துவது கம்ப்யூட்டர் வைத்திருப்பவரின் பொறுப்பு. சுவிட்சை அணைப்பதற்கு முன் ‘பார்க்’ என்ற புரோகிராமை ஓட்ட வேண்டும். பிறகு வந்த டிஸ்க்குகளில் ஹெட் இறங்குவதற்கென்றே தட்டின் உட்புறம் ஒரு வளையம் ஒதுக்கினார்கள். மழமழப்பான ஹெட்டும் மழமழப்பான தட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த வளையத்தை மட்டும் லேசரால் சொரசொரப்பாக்கினார்கள். இன்றைய டிஸ்க்குகளில் தட்டுக்கு வெளியே சிறு சாய்தளம் இருக்கிறது. ஹெட் அதன்மேல் ஏறி நின்றுகொள்ளும்.

கரண்ட்டே போய்விட்டபோது ஹெட்டை நகர்த்துவது யார்? என்னைப் பொறுத்தவரை இந்த எந்திரத்தின் மிக அழகான இடம் இதுதான். கோவளத்தில் ஃபைபர் படகு கரைக்கு வருகையில், ப்ரொப்பல்லர் மணலில் அடிபடாதபடி எஞ்சினைத் தூக்கிவிட்டு, மிச்சமிருக்கும் வேகத்திலேயே மணலில் ஏற்றுவார்கள். டிஸ்க்கும் மிச்சமிருக்கும் வேகத்தைத்தான் நம்புகிறது. மின்சாரம் நின்ற பிறகும் தட்டுகள் சில நொடி சுழல்கின்றன. அதுவரை அவற்றைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டார் அந்தக் கணமே ஜெனரேட்டராக மாறுகிறது. அதில் பிறக்கும் துளி மின்சாரத்தை எடுத்து, டிஸ்க்கின் சர்க்யூட் ஹெட்டைச் சாய்தளத்துக்கு விரட்டிவிடுகிறது.

ஆனால் இது அவசரத்துக்கான ஏற்பாடு. முறையாக நிறுத்தும்போது ஹெட் வேகத்தை அளந்து நிதானமாக ஏறுகிறது. அவசரத்தில் முரட்டுத்தனமாக ஏறுகிறது. ஹிட்டாச்சியின் டிராவல்ஸ்டார் லேப்டாப் டிஸ்க்குகளின் கையேட்டில் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு 6 லட்சம் முறை என்று உத்தரவாதம் இருந்தது. அவசர ஏற்றத்துக்கு 20,000 முறைதான். ஹெட் தப்பினாலும் தகவல் தப்ப வேண்டும் என்பதும் இல்லை. வந்த தகவலை டிஸ்க் முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொள்கிறது. தட்டில் எழுதுவது பிறகுதான். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் அது போனதுதான்.

அதனால்தான் ஷட்டவுன் கொடுத்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இரண்டு கட்டளைகளை அனுப்புகிறது. கையில் இருப்பதை எல்லாம் எழுதி முடி என்பது முதலாவது. ஹெட்டை ஏற்றிவிட்டுச் சுழற்சியை நிறுத்து என்பது இரண்டாவது. வரிசை முக்கியம். லினக்ஸில் ஒரு காலத்தில் ஷட்டவுன் புரோகிராம் டிஸ்க்கைத் தூங்கவைத்த பின், சிஸ்டத்தின் மையமான கர்னல் எழுதி முடிக்கச் சொல்லித் தன் பங்குக்குக் கட்டளை அனுப்பும். சில டிஸ்க்குகள் அதற்காக மறுபடி சுழல ஆரம்பிக்கும். அப்போது பார்த்து மின்சாரம் நிற்கும். 2007-ல் கர்னலே டிஸ்க்கை நிறுத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் இது சரியானது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் எஸ்.எஸ்.டி.யில் ஹெட் இல்லை, சுழற்சி இல்லை. எழுதி முடிக்க அவகாசம் மட்டும் அதற்கும் வேண்டும்.

கோவளத்தில் எனக்குக் கவலை கம்ப்யூட்டர்களைவிடக் கடைகளிலும் விடுதிகளிலும் இருக்கும் சிசிடிவி டிவிஆர் பெட்டிகளைப் பற்றித்தான். அவற்றுள் இருப்பதும் ஹார்டு டிஸ்க்தான். இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருப்பது. ராத்திரி மெயினை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினால் அது ஒவ்வொரு நாளும் ஓர் அவசர ஏற்றம். டிவிஆர் மெனுவிலேயே ஷட்டவுன் இருக்கிறது. அதைக் கொடுத்த பிறகு மெயினை அணைக்கலாம். சின்ன யு.பி.எஸ். ஒன்று மாட்டினால் இன்னும் நல்லது. வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றில் ‘யு.பி.எஸ். மோடு’ சுவிட்ச் உண்டு. அதைப் போடாவிட்டால் இன்வெர்ட்டர் கைமாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம்.

அலைச்சறுக்குக் காட்சிகளைப் படமெடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றுபவர்கள், கேபிளைப் பிடுங்குவதற்கு முன் ‘எஜெக்ட்’ கொடுக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் பத்து நொடி அதை அசைக்காமல் விடுங்கள். உள்ளே தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்.

உங்கள் டிஸ்க் இதுவரை எத்தனை முறை ஹெட்டை அவசரமாக ஏற்றித் தப்பியது என்பதைப் பல டிஸ்க்குகள் எண்ணி வைத்திருக்கின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் ‘பவர்-ஆஃப் ரிட்ராக்ட் கவுண்ட்’ என்ற வரியைத் தேடுங்கள். இந்தப் பருவமழைக்கு முன் ஒரு முறையும், தை பிறந்த பின் ஒரு முறையும் குறித்துவைத்தால், யு.பி.எஸ். வாங்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.