காணிக்குக் கிடைத்த கதிரை

தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறப்போகுது. வன்னிக்கு எப்படி ஒரு எம்.பி. வந்தார் என்று கேட்டீர்கள். பதில் காணிக் கணக்கில் இருக்கிறது.

புங்குடுதீவு இறுப்பிட்டியில் நாங்கள் காணியைப் பரப்பில்தான் பேசுவோம். 16 பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அங்கே கிணற்றை ஆழமாகத் தோண்டினால் உவர் ஏறும். சீதனமும் பங்குமாகப் பிரிந்த காணியில் வேலிதான் மிச்சம். அதனால் தீவுச் சனத்தில் ஒரு பகுதி கொழும்பில் கடை போட்டது. இன்னொரு பகுதி கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நெல் விதைத்தது. கிளிநொச்சியில் பேச்சு ஏக்கரில்.

பாராளுமன்றமோ சதுர மைலில் பேசியது. சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஒரு ஆசனம். அதோடு 1,000 சதுர மைலுக்கும் ஒரு ஆசனம். தெரிவாகும் 95 பேரில் 70 பேர் தலைக் கணக்கில் வந்தவர்கள், 25 பேர் நிலக் கணக்கில் வந்தவர்கள். வட மாகாணத்துக்குத் தலைக்கு 5, நிலத்துக்கு 4, ஆக மொத்தம் 9. வன்னியில் உள்ள வவுனியா மாவட்டத்தில் 1946 குடிசன மதிப்பில் 25,000 பேர்கூட இல்லை. அதுவும் முல்லைத்தீவைச் சேர்த்து. தலையை மட்டும் எண்ணியிருந்தால் அதற்குத் தனித் தொகுதி ஏது? காடும் குளமும்தான் அந்தக் கதிரையை வாங்கிக் கொடுத்தன.

1947இல் அதில் போய் இருந்தவர் செ. சுந்தரலிங்கம். உரும்பிராய்க்காரர், 1895இல் பிறந்தவர், ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். சிவில் சேவையை உதறிவிட்டு, கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அதன் பிறகுதான் வவுனியாவில் கமம். அமெரிக்காவில் 1862 காணிச் சட்டப்படி 160 ஏக்கர் வாங்கி உழுது, பிறகு சட்டசபைக்குப் போனவர்களோடு இவரை ஒப்பிட்டால் அவர்கள் சிரிப்பார்கள். இவர் மண்வெட்டி பிடித்து வளர்ந்த கமக்காரர் அல்லர். படித்து முடித்துக் காணிக்கு வந்த பெரிய மனிதர். ஆனாலும் கட்சி ஒன்றும் இல்லாமல், சுயேச்சையாக நின்று வென்றார்.

டி. எஸ். சேனநாயக்கா அவரை வர்த்தக மந்திரியாக்கினார். அது ஒரு வருடம்தான் நீடித்தது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அவர் மந்திரிசபையில்தான் இருந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. அடுத்து இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமை மசோதா வந்தபோது வாக்களிக்காமல் எழுந்து போய்விட்டார். பிரதமர் விளக்கம் கேட்டார். விளக்கத்துக்குப் பதில் மந்திரிப் பதவியையே விட்டார். ‘அடங்காத் தமிழன்’ என்று சனம் சொன்னது சும்மா இல்லை. 1952இலும் 1956இலும் வவுனியா அவரையே அனுப்பியது, 1960இல்தான் த. சிவசிதம்பரத்திடம் தோற்றார்.

அந்த அடங்காமைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய வந்தபோது வாசலை மறித்து நின்றவரும் இவரே. கொழும்பிடம் உரிமை கேட்டவர் அயலவனுக்குக் கோயில் வாசலைக்கூட விடவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஏறாது.

கிளிநொச்சிக்கு 1960இல் தனித் தொகுதி வந்தது. 1965இல் அங்கே வென்றவர் எங்கள் பக்கத்து வேலணைப் பண்டிதர் கா. பொ. இரத்தினம். 1970இல் ஊருக்குத் திரும்பி ஊர்காவற்றுறையில் வென்றார். காடு வெட்டப் போன சனத்துக்குப் பின்னால் அவர்களுடைய அரசியலும் போய்வந்தது என்றே இதைப் பார்க்கிறேன்.

1978 அரசியலமைப்போடு சதுர மைல் கணக்கும் போய்விட்டது. இப்போது மாகாணத்துக்கு 4 ஆசனம் என்று ஒரே அளவு. காடு நிறைந்த வடக்குக்கும் 4, கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்துக்கும் 4.