எழுந்துவிட்டதா, இன்னும் தூங்கவே போகவில்லையா?

டேட்டா சென்டரில் ஒரு சர்வரை அணைத்தால் அது முழுக்க அணைவதில்லை. மின்கம்பியைப் பிடுங்கினால் ஒழிய, அதன் மதர்போர்டில் ஒரு குட்டிக் கணினி விழித்தே இருக்கும். அதற்கென்று தனிச் செயலி, தனி மெமரி, ஃபர்ம்வேரை வைத்துக்கொள்ளத் தனி ஃபிளாஷ் சிப், பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட். பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பது முழுப் பெயர், புழக்கத்தில் பிஎம்சி. பவர் பட்டனை அமுக்குவது, விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, செயலியின் சூட்டைப் படிப்பது, சர்வரின் திரையை அப்படியே நம் மடிக்கணினியில் பார்ப்பது, ஆபரேட்டிங் சிஸ்டம் செத்துக் கிடந்தாலும் தொலைவிலிருந்தே புதிதாக ஒன்றை ஏற்றுவது எல்லாம் இதன் வழியாகத்தான் நடக்கின்றன. சர்வர் ஒரு நாட்டிலும் அதைக் கவனிப்பவர் வேறொரு நாட்டிலும் இருப்பது சகஜமாகிவிட்ட காலம் இது.

இந்தக் குட்டிக் கணினி ஒன்றும் பலசாலி இல்லை. தைவானைச் சேர்ந்த ஆஸ்பீட் நிறுவனத்தின் சிப்புகளைத்தான் இந்த வேலைக்குப் பலரும் வாங்குகிறார்கள். அதில் ஏஎஸ்டி2500 என்ற சிப்பில் 800 மெகாஹெர்ட்ஸ் ஓடும் ஒற்றை ஏஆர்எம் கோர். அடுத்து வந்த ஏஎஸ்டி2600-இல் இரண்டு கோர்கள். இன்றைக்கு மலிவான ஒரு ஸ்மார்ட்ஃபோன்கூட இதைவிட வேகமாக ஓடும். அந்தச் சொற்ப வேகத்தில் ஒரு முழு லினக்ஸும், வெப் சர்வரும், நூற்றுக்கணக்கான சென்சார்களைப் படிக்கும் நிரல்களும் ஓடியாக வேண்டும். ஆகவே எதற்கும் நேரம் பிடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இந்த மந்தம்தான் காரணம்.

பிஎம்சியிடம் பேச இரண்டு வழிகள் உண்டு. பழையது ஐபிஎம்ஐ. இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி ஆகிய நான்கு நிறுவனங்கள் 1998-இல் வகுத்தது. 2004-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இது பைட் பைட்டாகப் பேசும். சர்வர் ஓடுகிறதா என்று கேட்டால் பதிலில் ஒரே ஒரு பிட் எழுந்தோ படுத்தோ இருக்கும். புதியது ரெட்ஃபிஷ், 2015-இல் வந்தது. இணையதளத்தைத் திறப்பதுபோல ஒரு முகவரியைக் கேட்டால் ஜேசான் வடிவில் பதில் வரும்; மனிதரும் படிக்கலாம், நிரலும் படிக்கலாம். புதியது வந்ததால் பழையது போய்விடவில்லை. அதனால் சோதிப்பவர்களுக்கு இரட்டை வேலை.

பிஎம்சியின் ஃபர்ம்வேர் நெடுநாள் பூட்டிய பெட்டியாகவே இருந்தது. ஒவ்வொரு சர்வர் நிறுவனமும் சொந்தமாக எழுதிக்கொண்டது, அல்லது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் போன்ற நிறுவனத்திடம் வாங்கியது. 2015-இல் ஃபேஸ்புக் தன் நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்காக எழுதிய ஃபர்ம்வேரை ஓப்பன்பிஎம்சி என்ற பெயரில் திறந்துவிட்டது. ஐபிஎம்மும் அதே பெயரில் சர்வர்களுக்கான ஒன்றை வளர்த்தது. 2018-இல் ஃபேஸ்புக், கூகுள், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஐந்தும் சேர்ந்து அதை லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் கொண்டுவந்தன. நிரலைத் திறந்தபோது அதைச் சோதிக்கும் நிரல்களும் கூடவே வெளியே வந்தன. சோதிக்கும் இந்தக் கைவேலையை வெளியாட்கள் பார்க்க முடிந்தது அதனால்தான்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தால் பல லட்ச ரூபாய் சர்வர் எழாமலே கிடக்கும். விசிறியைக் கட்டுப்படுத்தும் நிரல் மயங்கினால் ஒன்று விசிறிகள் முழுவேகத்தில் அலறும், இல்லாவிட்டால் சூடேறி சர்வர் தானே அணைந்துகொள்ளும். பாதுகாப்பு இன்னும் மோசம். சர்வரில் ஓடும் நிரலே பிஎம்சியின் மெமரியைப் படிக்கவும் எழுதவும் முடிகிற ஓட்டை ஒன்று 2019-இல் ஆஸ்பீட் சிப்புகளில் வெளிப்பட்டது. பேன்ட்ஸ்டவுன் என்று அதற்குக் கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். ஃபர்ம்வேர் மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டும். ஆள் உட்கார்ந்து செய்து மாளாது.

ஓப்பன்பிஎம்சியின் தானியங்கிச் சோதனைகள் ரோபோ ஃப்ரேம்வொர்க் என்ற கருவியில் எழுதப்பட்டவை. பெயரில்தான் ரோபோ. 2005 வாக்கில் பின்லாந்தின் நோக்கியா நெட்வொர்க்ஸில் பிறந்து, 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள் இது. இதில் எழுதிய சோதனை, நிரல் மாதிரியே இருக்காது. பணிப்பட்டியல் மாதிரி இருக்கும். 'சர்வரை எழுப்பு', 'ஓடுகிறதா பார்', 'பிஎம்சியை ரீபூட் செய்', 'சர்வர் இன்னும் ஓடுகிறதா பார்'. நான்கே வரி. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பைத்தானில் எழுதிய ஒரு ஃபங்ஷன் நின்றுகொண்டிருக்கும். டெஸ்டர்கள் இவற்றை ஹெல்ப்பர்கள் என்கிறார்கள். வெளியே தெரியும் நான்கு வரி சுலபம். அதற்குப் பின்னால் ஹெல்ப்பர்கள் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நீளும். சோதனை நம்பத்தக்கதா என்பதை முடிவு செய்வதும் அவைதான்.

மேலே சொன்ன நான்கில் மூன்றாவது வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிஎம்சி ரீபூட் ஆகும்போது சர்வர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சோதிக்க, பிஎம்சிக்கு ரீபூட் கட்டளை அனுப்பிவிட்டு, அது திரும்பி எழும்வரை காத்திருக்க வேண்டும். எழுந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது?

யாருக்கும் முதலில் தோன்றும் வழி, 'இருக்கிறாயா' என்று நெட்வொர்க்கில் கேட்கும் பிங் என்ற சிறு செய்தியை அனுப்பிப் பார்ப்பது. பதில் வந்தால் எழுந்துவிட்டது என்று அர்த்தம். இதில்தான் பொறி இருக்கிறது. பையனைக் கடைக்குப் போய்விட்டு வரச் சொல்லிவிட்டு, அம்மா சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்து "டேய்" என்று குரல் கொடுக்கிறார். "என்னம்மா" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. போய்விட்டு வந்துவிட்டானா, இன்னும் கிளம்பவே இல்லையா? பிஎம்சியும் இப்படித்தான். கட்டளையை வாங்கிக்கொண்ட பிறகும் ஒவ்வொரு சேவையாக நிறுத்தி முடிக்கச் சில நொடிகள் எடுக்கும். அந்த இடைவெளியில் பிங் அனுப்பினால் பழைய பிஎம்சியே பதில் சொல்லிவிடும். சோதனையும் 'வந்துவிட்டது' என்று நம்பி அடுத்த வரிக்குப் போகும். அங்கே பாதியில் இணைப்பு அறுந்து, சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் பிழை காட்டும்.

முதலில் பதில் நிற்கும்வரை காத்திரு, பிறகு பதில் வரும்வரை காத்திரு என்று இரண்டாகப் பிரித்தால்? அது மேல்தான். ஆனால் சோதனைக் கணினி ஐந்து நொடிக்கு ஒருமுறை பார்க்கிறது, நெட்வொர்க் நான்கு நொடிதான் அறுந்திருந்தது என்றால் அது போனதே தெரியாது. நிஜச் சிப்பில் இல்லாமல், அதை மென்பொருளில் நடித்துக் காட்டும் எமுலேட்டரில் ஓடும் பிஎம்சியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓப்பன்பிஎம்சியின் ஹெல்ப்பர் நூலகத்தில் இதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது அது கேட்கும் கேள்வி. 'இருக்கிறாயா' என்று அது கேட்பதில்லை. 'எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்' என்று கேட்கிறது. லினக்ஸ் கணினி எதுவும் தான் எழுந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதை எண்ணிக்கொண்டே இருக்கும். அப்டைம் என்று பெயர். பிஎம்சி 40 நாளாக ஓடுகிறது என்று வையுங்கள். அப்டைம் 34,56,000 நொடி. ரீபூட் கட்டளை கொடுத்துப் பத்து நொடி கழித்துக் கேட்டால் 34,56,010 என்று வரும். கட்டளை கொடுத்துக் கழிந்ததோ பத்து நொடி. விழித்திருந்த நேரம் கழிந்த நேரத்தைவிடப் பெரிது என்றால், இது பழைய ஆள், இன்னும் போகவில்லை. நூற்றைம்பது நொடி கழித்துக் கேட்கும்போது அப்டைம் 35 என்று வந்தால் சந்தேகமே இல்லை, இடையில் தூங்கி எழுந்திருக்கிறது. நடுவில் இணைப்பு அறுந்ததா, எத்தனை நொடி அறுந்தது என்ற கவலையே வேண்டியதில்லை. அறுந்திருக்கும் நேரத்தில் வரும் பிழைகளை ஹெல்ப்பர் பொறுத்துக்கொண்டு மறுபடி கேட்கும். ஒரே ஒரு ஒப்பீடு!

இதற்குள்ளும் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. 'கழிந்த நேரம்' யாருடைய கடிகாரத்தில்? சோதனைக் கணினியின் கடிகாரமும் பிஎம்சியின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றில் தொடக்க நேரத்தையும் இன்னொன்றில் இப்போதைய நேரத்தையும் எடுத்தால் கணக்கு பாழ். அதனால் கட்டளை கொடுக்குமுன் நேரத்தைப் பிஎம்சியிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்கிறது அந்த ஃபங்ஷனின் விளக்கக் குறிப்பு. எமுலேட்டரிலும் சரியாக வேலை செய்யும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஓட்டையே இல்லை என்று சொல்ல முடியாது. இடையில் பிஎம்சியின் கடிகாரத்தை யாராவது திருத்தினால் ஏமாறும். இருந்தாலும் பிங்கை நம்புவதற்கு இது எவ்வளவோ மேல்.

எழுந்த பிறகும் அவசரப்பட முடியாது. பிஎம்சி எழுந்தது என்பதும் வேலைக்குத் தயார் என்பதும் ஒன்றல்ல. லினக்ஸ் ஓடத் தொடங்கி, ஒவ்வொரு சேவையும் எழுந்து முடிக்கும்வரை பிஎம்சி தன் நிலையை 'தயாரில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் ரெட்ஃபிஷில் ஏதாவது கேட்டால் பதில் வராது, அல்லது அரைகுறையாக வரும். சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இதே கதைதான். ஹெல்ப்பர்கள் அதை மூன்று படியாகப் பார்க்கின்றன: பிங்குக்குப் பதில் வருகிறதா, லாகின் செய்ய விடுகிறதா, ஒரு கட்டளையை ஓட்டிக் காட்டுகிறதா. முதல் படியில் நின்றுபோன சர்வர்கள் ஏராளம்.

இந்த நிலைகளையெல்லாம் ஒரு சிறிய அட்டவணையாகத் திரட்டி, 'இப்படி இருக்கும்வரை காத்திரு' என்று சொல்வதற்கு ஒரு பொது ஹெல்ப்பர் உண்டு. எதிர்பார்க்கும் நிலையை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரமாக, கொடுக்க வேண்டும். அங்கேயும் கவனம் தேவை. ரெட்ஃபிஷில் பவர் நிலை 'ஆன்' என்று வரலாம், எழுந்துகொண்டிருக்கும்போது 'பவரிங்ஆன்' என்றும் வரலாம். 'ஆன்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினால் இரண்டாவதும் தேறிவிடும். சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு குறிகளைச் சேர்க்காவிட்டால், அரைத்தூக்கத்தில் இருக்கும் சர்வர் முழுதாக விழித்ததாகப் பதிவாகும்.

ஐபிஎம்ஐ பக்கத்து ஹெல்ப்பர்கள் இந்த அளவுக்குச் சுவாரசியமில்லை, ஆனால் உழைப்பு அதிகம். அந்தப் பக்கத்தில் பலரும் புழங்கும் ஐபிஎம்ஐடூல் என்ற கருவி, மனிதர் படிப்பதற்காகப் பத்தி பத்தியாக எழுத்தைக் கொட்டும்: இடப்பக்கம் பெயர், முக்காற்புள்ளி, வலப்பக்கம் மதிப்பு. சில இடங்களில் மதிப்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்து, அடுத்தடுத்த வரிகளில் உள்தள்ளி ஒரு பட்டியல் வரும். இதை அகராதி வடிவத் தரவாக மாற்றித் தருவதற்கென்றே ஒரு ஹெல்ப்பர் இருக்கிறது. பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்கி, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு, உள்தள்ளிய வரிகளைத் தனிப் பட்டியலாக்கித் தரும். அது மட்டும் இல்லையென்றால் ஒவ்வொரு சோதனையிலும் எழுத்தை வெட்டி ஒட்டும் வேலையே மிஞ்சும்.

சோதனை தோற்றால் என்ன செய்வது என்பதையும் ஒரு ஹெல்ப்பர் கவனிக்கிறது. தோற்ற அந்தக் கணத்திலேயே பிஎம்சியின் பதிவேடுகள், சென்சார் அளவுகள், ஓடிக்கொண்டிருந்த சேவைகள் எல்லாவற்றையும் அள்ளி ஒரு கோப்புறையில் போட்டுவிடும். ஐபிஎம்மின் பெரிய கணினிகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. முதல் தடவை தோற்கும்போதே தடயத்தை எடுத்துவிட வேண்டும், மறுபடி ஓட்டினால் அந்தப் பிழை தலைகாட்டாமலே போகலாம் என்பது அதன் தர்க்கம்.

ஹெல்ப்பர்களின் பேரில் எனக்கு ஒரு குறையும் உண்டு. பொறுமை அதிகமானால் அவை பிழையை மறைத்துவிடும். ரோபோ ஃப்ரேம்வொர்க்கில் 'வெற்றி கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப முயல்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்: பத்து நிமிடம், பத்து நொடிக்கு ஒருமுறை. மூன்று நிமிடத்தில் எழும் பிஎம்சி, புதிய ஃபர்ம்வேரில் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டாலும் சோதனை பச்சை விளக்கே காட்டும். முதல் முறை பிழை சொல்லி இரண்டாம் முறை ஒழுங்காகப் பதில் தரும் வெப் சர்வரும் அப்படியே தேறிவிடும். டேட்டா சென்டரில் உட்கார்ந்து அதை நம்பியிருப்பவருக்கோ அந்த முதல் முறைதான் முக்கியம். எத்தனை முறை முயன்றது, எவ்வளவு நேரம் காத்தது என்பதை எழுதிவைக்காத ஹெல்ப்பரை நான் பாதி வேலை என்றே சொல்வேன்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க சர்வர் வாங்க வேண்டியதில்லை. கியூஇஎம்யு என்ற எமுலேட்டர் ஆஸ்பீட் சிப்புகளை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும். ஐபிஎம்மின் ரோமுலஸ் சர்வருக்கான பிஎம்சியை அதில் எழுப்பலாம். ஓப்பன்பிஎம்சி நிரலர்களும் புதிய மாற்றங்களை முதலில் அதில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். விசிறியும் சூடும் அங்கே நிஜமில்லை என்பதால் அந்த வகைச் சோதனைகளுக்கு உண்மையான இயந்திரம்தான் வேண்டும். ரீபூட், லாகின், பயனர் கணக்குகள் போன்றவற்றுக்கு ஒரு சாதாரண மடிக்கணினியே போதும். உள்ளே நுழையப் பயனர் பெயர் ரூட். கடவுச்சொல், ஓப்பன்பிஎம்சி என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முதல் எழுத்தான 'ஓ'வுக்குப் பதில் பூஜ்யத்தைப் போட்டது. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள சட்டப்படி, விற்பனைக்கு வரும் சாதனங்களில் இப்படி எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைக்க முடியாது. எமுலேட்டருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, தைரியமாக உள்ளே போகலாம்.