எப்போதாவது இறக்குபவருக்கு எதற்கு சீசன் டிக்கெட்?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குத் தினமும் மின்ரயிலில் வேலைக்குப் போகிறவர் சீசன் டிக்கெட் எடுக்கிறார். மாதத்துக்கு இரண்டு தடவை பாரிமுனையில் சாமான் வாங்கப் போகிறவர் கவுன்டரில் நின்று அன்றைய டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறார். இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அதே ஆள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு சேவைக்குப் பணம் கட்டப் போனால் ‘அன்லிமிடெட்’ என்ற ஒற்றைச் சொல்லில் கணக்கு மறந்துவிடுகிறது. இந்தத் தடுமாற்றம் பச்சையாகத் தெரிகிற இடம் யூஸ்நெட். மாதத்துக்குப் பத்து ஜிபி இறக்கினாலே அதிகம் என்கிறவர்களுக்கும் அங்கே முதலில் நீட்டப்படுவது அளவில்லாச் சந்தாதான். அவர்களுக்கு ஏற்ற கணக்கு வேறு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருகிற எண்களில் பாதிக்கு மேல் அவர்களுக்கு வேலையே இல்லை.

யூஸ்நெட் என்பது வலைக்கு மூத்த அண்ணன்; விவாதக் குழுக்களின் தொகுப்பு. 1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்தது; அடுத்த ஆண்டு பக்கத்து ஊரிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. தலைமைக் கணினி என்று ஒன்று கிடையாது. ஒரு சர்வரில் போட்டது அடுத்த சர்வருக்கும் அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் ஊர்ப்பேச்சுபோலப் பரவும். டிம் பெர்னர்ஸ்-லீ தன் வலையைப் பற்றிப் பொதுவில் அறிவித்ததும், லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தைப் பற்றி வாய் திறந்ததும் 1991 ஆகஸ்டில் இங்கேதான். தொண்ணூறுகளில் வெளிநாட்டுத் தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வாதாடிய சோக்.கல்ச்சர்.தமிழ் என்ற குழுவும் இதன் ஒரு மூலைதான். அப்போது யாரும் இதற்கென்று தனியாகப் பணம் கட்டவில்லை. படிக்கிற கல்லூரியோ இணைய இணைப்பு தருகிற நிறுவனமோ சர்வர் வைத்திருக்கும். எழுத்துக்காகப் பிறந்த ஏற்பாட்டில் படமும் பாட்டும் மென்பொருளும் ஏறத் தொடங்கியதும் பாரம் கூடியது. ஏஓஎல் 2005-இல் கையைக் கழுவியது. 2008-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் கொடுத்த நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய இணைய நிறுவனங்கள் சில பல குழுக்களை வெட்டின, சில மொத்தமாக மூடின. தொடங்கிவைத்த டியூக்கே 2010-இல் தன் சர்வரை அணைத்தது. இன்றோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான டெராபைட் புதுச் சரக்கு வந்து இறங்குகிறது. அதைச் சேர்த்துவைக்கக் கிடங்கு கட்டியிருப்பவர்கள் தனி வியாபாரிகள். அவர்களிடம் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

டிக்கெட் இரண்டு விதம். ஒன்று மாதச் சந்தா: எவ்வளவு இறக்கினாலும் ஒரே தொகை. இன்னொன்றுக்குப் பெயர் பிளாக். இத்தனை ஜிபி என்று முன்பணம் கட்டி வாங்கிக்கொள்வது, தீரும்வரை வைத்துச் செலவழிப்பது. காலாவதியே இல்லாத பிளாக்கைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. விலை அடிக்கடி மாறும் சரக்கு என்பதால், ஒரு பேச்சுக்கு சந்தா மாதம் 5 டாலர், 500 ஜிபி பிளாக் 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 ஜிபி இறக்குகிறவருக்குச் சந்தாவில் ஒரு ஜிபி 50 சென்ட் விழுகிறது. பிளாக்கில் 4 சென்ட். அந்த பிளாக் அவருக்கு 50 மாதம் வரும். அதே 50 மாதத்தில் சந்தாக்காரர் 250 டாலர் கட்டி முடித்திருப்பார். எந்த இடத்தில் தராசு சாயும் என்றும் பார்த்துவிடலாம்: 5 டாலரை 4 சென்ட்டால் வகுத்தால் 125 ஜிபி. மாதாமாதம் அதற்கு மேல் இறக்குகிறவருக்குச் சந்தா லாபம், கீழே இருப்பவருக்கு நஷ்டம். உண்மையான விலைகளைக் கையில் எடுத்துக்கொண்டு இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிட்டால் தேர்வில் முக்கால்வாசி முடிந்தது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, நவம்பர் மாதத் தள்ளுபடி. ஆண்டுச் சந்தாவையே அடிமாட்டு விலைக்குத் தருகிறார்களே என்பார்கள். தருகிறார்கள்தான். ஆண்டுக்கு 30 டாலர் என்று கிடைத்தால் மாதக் கணக்கு இரண்டரை டாலர். தராசு சாயும் இடம் 62 ஜிபி சொச்சத்துக்கு இறங்குகிறது. பத்து ஜிபிக்காரர் அப்போதும் எல்லைக்கு வெகு கீழேதான் இருக்கிறார். அதோடு, தள்ளுபடி விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும். அடுத்த ஆண்டு முழு விலை தானாகக் கார்டில் ஏறும். இலவச முன்னோட்டம் என்று தொடங்குகிற சந்தாக்களிலும் இதே கதைதான். இந்தியக் கார்டு வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபரிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி தனி அனுமதி முறை வைத்திருக்கிறது. அதற்கு ஒத்துவராத வெளிநாட்டு வியாபாரியின் சந்தா பாதியில் அறுந்துபோகலாம். அந்நியச் செலாவணிக்காக வங்கி பிடிக்கிற கட்டணமும் ஒவ்வொரு தவணையிலும் சேரும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுகிற பிளாக்குக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

வேகம் குறையாதா என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு கோப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஜிபி கோப்பு யூஸ்நெட்டில் முழுதாக இருப்பதில்லை. சுமார் 700 கேபி அளவில் ஆயிரத்து நானூறு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் ஒட்டி ஏற்றியிருப்பார்கள். எந்த எண்களைச் சேர்த்தால் கோப்பு கிடைக்கும் என்கிற பட்டியல்தான் என்ஜெட்பி என்ற சின்னக் கோப்பு. சாப்-என்ஜெட்பி-டி போன்ற இலவச மென்பொருளிடம் அதைக் கொடுத்தால், சர்வரிடம் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லித் துண்டுகளை வாங்கி ஒட்டித் தரும். ரேஷன் கடையில் அட்டையைக் காட்டி ஒவ்வொரு சாமானாக வாங்குவதுபோல. இப்போது வேகத்துக்கு வருவோம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால் வினாடிக்கு 12.5 எம்பி, அதாவது 18 துண்டு வரை வரலாம். சர்வர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இருப்பதால் கேட்டு வாங்க நேரம் பிடிக்கும். ஒரு துண்டுக்கு ஒரு வினாடி ஆகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரே நேரத்தில் 18 இணைப்பு திறந்தால் குழாய் நிறைந்துவிடும். அப்புறம் 60 இணைப்பு, 100 இணைப்பு என்று விளம்பரம் செய்வது யாருக்காக? எப்படிப் பார்த்தாலும் ஒரு ஜிபி 80 வினாடியில் இறங்கிவிடுகிற வீட்டில், மாதம் முழுவதற்குமான பத்து ஜிபி வேலை கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

விளம்பரத்தின் இன்னொரு பெரிய எண் இருப்புக் காலம். ஏற்றிய சரக்கை எத்தனை நாள் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பது அது. பெரிய கிடங்குகள் 5000 நாளுக்கு மேல் என்று சொல்கின்றன. கிட்டத்தட்ட பதினாலு வருஷம். இந்த எண்ணை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். பழைய மென்பொருள், பழைய ஒலிப்பதிவு என்று தேடுகிறவருக்கு அது தேவைப்படும். ஆனால் 5000-க்கும் 5500-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். இருப்பில் இருக்கிறது என்பதும் முழுசாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பழைய சரக்கில் சில துண்டுகள் காணாமல் போயிருக்கும். மென்பொருள் கேட்கும்போது சர்வர் 430 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும்: அப்படி ஒரு பதிவு என்னிடம் இல்லை என்று அர்த்தம். நாலைந்து துண்டு போனால் கவலையில்லை. ஏற்றியவர்கள் கூடவே பார்-2 என்ற பழுதுபார்க்கும் கோப்புகளையும் போட்டிருப்பார்கள். குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு தடங்காமல் ஓடவைத்த அதே ரீட்-சாலமன் கணக்கு அதற்குள் இருக்கிறது. பார்-2 தாங்குகிற அளவையும் மீறித் துண்டுகள் போயிருந்தால்தான் கைவிரிக்க வேண்டிவரும்.

அந்த நிலைமைக்கு மருந்து இன்னும் விலை உயர்ந்த சந்தா அல்ல, வேறொரு கிடங்கு. சேவை நிறுவனங்களின் பெயர்கள் பத்து இருபது கண்ணில் படும். ஆனால் சொந்தமாகக் கிடங்கு வைத்திருப்பவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான். மற்றவர்கள் அவர்களிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவர்கள். நியூஸ்ஹோஸ்டிங், ஈஸிநியூஸ், யூஸ்நெட்சர்வர் என்ற மூன்று பெயர்களும் ஓமிக்ரான் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. இந்த விவரம் தெரியாமல் ஒன்றில் கிடைக்காததற்காக இன்னொன்றில் பணம் கட்டினால், ஒரே மாட்டுப் பாலை இரண்டு கடையில் வாங்கிய கதையாகிவிடும். யாருடைய கிடங்கு யாருக்குப் போகிறது என்று ஆர்வலர்கள் வரைந்துவைத்திருக்கும் படங்கள் தேடினால் கிடைக்கும். வாங்குவதற்கு முன் அதில் ஐந்து நிமிஷம் செலவிடலாம். இங்கே பிளாக்கின் அருமை இன்னொரு தடவை தெரிகிறது. முதல் கிடங்கில் ஒரு பிளாக், வேறு கிடங்கில் ஒரு சின்ன பிளாக் என்று வாங்கி இரண்டையும் மென்பொருளில் சேர்த்துவிட்டால், முதலில் இல்லாத துண்டை மட்டும் அது இரண்டாவதிடம் போய்க் கேட்கும். இரண்டாவது பிளாக் வருஷக்கணக்கில் கரையாது. இதையே இரண்டு சந்தாவாகச் செய்ய நினைத்தால் செலவு அப்படியே இரட்டிப்பாகும்.

பிளாக்குக்கு எதிராகச் சொல்லக்கூடிய நியாயமான வாதம் ஒன்று உண்டு. காலாவதி இல்லை என்று சொன்ன நிறுவனமே காலாவதியாகிவிட்டால்? முடியாத விஷயமல்ல. நெதர்லாந்தின் பெரிய மொத்த வியாபாரிகளில் ஒன்றான நியூஸ்-சர்வீஸ் யூரோப், பதிப்புரிமை வழக்கில் வந்த தீர்ப்பையடுத்து 2011 நவம்பரில் கடையை மூடியது. அதை நம்பியிருந்த சில்லறைக்காரர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. ஆகவே மலிவு என்பதற்காக ஐந்தாறு டெராபைட் பிளாக்கை வாங்கிப் பூட்டிவைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு மூன்று வருஷத்துக்குப் போதுமானதை வாங்கினால், நிறுவனம் போனாலும் நஷ்டம் சின்ன அளவில் நிற்கும். அளவு தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் நம் கையில்தான். குழுவுக்குள் நுழைந்து தலைப்புப் பட்டியலை முழுசாக இறக்குவது பழங்கால வழக்கம். பெரிய குழுக்களில் அந்தப் பட்டியலே பல ஜிபி தின்றுவிடும். என்ஜெட்பி வழியாகப் போனால் கேட்ட கோப்பும் அதன் மேல் இரண்டு சதவீதம் போலப் பொதிக்கூலியும் மட்டுமே அளவில் கழியும்.

பதிப்புரிமையைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. யூஸ்நெட்டில் புழங்கும் கோப்புகளில் பெரும்பங்கு, உரிமைக்காரர் அனுமதியில்லாமல் ஏறிய சினிமாவும் தொடரும்தான். மறைப்பதில் அர்த்தமில்லை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டப்படி புகார் வந்தால் சேவை நிறுவனம் துண்டுகளை நீக்கியாக வேண்டும். ஐரோப்பாவிலும் இதற்கு ஈடான நடைமுறை உண்டு. 430 என்ற பதில் அடிக்கடி வருவதற்கு இதுவும் காரணம். அப்படிப்பட்ட சரக்கைத் தேடுகிறவர் சட்டப்படியும் தவறு செய்கிறார், பணத்தையும் நிச்சயமில்லாத இடத்தில் போடுகிறார். லினக்ஸ் வெளியீடுகள், உரிமைக்காலம் முடிந்த நூல்களும் ஒலிப்பதிவுகளும், ஆக்கியவர்களே இலவசமாக விட்டவை என்று நேர்வழிச் சரக்கும் உண்டு. அதற்கு மாதம் பத்து ஜிபி தாராளம். சந்தாவோடு விபிஎன் இலவசம் என்று தலையில் கட்டுவதற்கும் இங்கே மயங்கத் தேவையில்லை. 563-ஆம் போர்ட் வழியாக இணைந்தால் நமக்கும் சர்வருக்கும் இடையே போவது குறியாக்கத்தோடுதான் போகும். பிளாக் வாங்கியவருக்கும் அது உண்டு.

சிலருக்கு இந்தச் செலவும் வேண்டாம். கோப்பே தேவையில்லை, விவாதங்களைப் படித்து எழுதினால் போதும் என்பவர்களுக்கு எட்டர்னல் செப்டம்பர் என்ற சர்வர் இலவசம். பெயர் பதிந்துகொண்டால் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளிலேயே படிக்கலாம். 1993 செப்டம்பரில் ஏற்பட்ட புதியவர்களின் நெரிசல் அதற்குப் பிறகு தீரவே இல்லை என்று பழைய ஆட்கள் அலுத்துக்கொண்டதிலிருந்து வந்த பெயர் அது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் யூஸ்நெட்டின் புதுப் பதிவுகளோடு உறவை முறித்துக்கொண்ட பிறகு, எழுத்து மட்டும் போதும் என்பவர்கள் ஒதுங்க மிஞ்சியிருக்கும் சில திண்ணைகளில் அது ஒன்று.

கோப்பு வேண்டும் என்று முடிவு செய்தவர், கிடைப்பதிலேயே சின்ன பிளாக்காக ஒன்று வாங்கி, போர்ட் 563, இணைப்பு பத்து என்று மென்பொருளில் குறித்துக்கொண்டு இரண்டு கோப்புகளைக் கேட்டுப் பார்க்கட்டும்: போன வாரம் ஏறியது ஒன்று, எட்டு வருஷத்துக்கு முந்தையது ஒன்று. புதியது தடங்காமல் இறங்கி, பழையதில் 430 வரிசையாக வந்தால், வேறு கிடங்கில் இன்னொரு சின்ன பிளாக். இரண்டும் சுத்தமாக இறங்கிவிட்டால் அதுவும் வேண்டாம்.