நிதானமாக எரியும் நெருப்பு

அடுப்படியில் பழகிய கைகளுக்கு ஓர் உண்மை யாரும் சொல்லித்தராமலே தெரியும். வைக்கோலை அடுப்பில் திணித்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் கொழுந்துவிட்டு எரிந்து சாம்பலாகிவிடுமேயன்றி உலைநீரைக் கொதிக்க வைக்காது. புளியங்கட்டையோ, பற்றுவதற்குச் சற்றுத் தாமதமானாலும், பற்றிய பிறகு ஒரே சீராக நின்று எரிந்து, ஊர்ப் பந்திக்கான அண்டாச் சோற்றையும் பக்குவமாக வேகவைத்துத் தரும். பாத்திரம் அறிந்து விறகு தேடும் இந்த விவேகமே, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் தங்கள் ரைபிள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ள அமரும்போது, வெடிமருந்தைத் தேர்ந்தெடுக்கும் கலையாக வேறு உருவத்தில் வந்து நிற்கிறது.

அந்த நாட்டில் இது சட்டம் அனுமதிக்கிற, பல தலைமுறைகளாகத் தொடர்ந்து வருகிற ஒரு பழக்கம். சுட்டவுடன் தோட்டா முழுவதும் அழிந்துவிடுவதில்லை. குண்டு பறந்துபோக, மருந்து எரிந்துபோக, எஞ்சி விழும் பித்தளைக் கூடு மீண்டும் பல முறை பயன்படத் தக்கதாக இருக்கிறது. அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கக்கும் புதிய கேப்பைப் பொருத்தி, மருந்தை நிறுத்துக் கொட்டி, வாயில் புதிய குண்டைப் பதித்துவிட்டால் தோட்டா மறுபிறவி எடுத்துவிடுகிறது. சிக்கனம் இதற்கு ஒரு காரணம். தன் துப்பாக்கியின் தனிச் சுபாவத்துக்கு இணங்கத் தோட்டாவை அமைத்துக்கொண்டால் குறி தவறாது என்பது அதனினும் பெரிய காரணம். இந்த வேலைகளில் மற்றவையெல்லாம் கைப்பழக்கத்தால் வந்துவிடும். எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்னும் கேள்வி ஒன்றுதான் அறிவையும் பொறுமையையும் ஒருங்கே வேண்டுவது.

மருந்துக்குள் இத்தனை வகைகள் எப்படி வந்தன என்பதை அறியச் சிறிது பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றையும் சேர்த்து அரைத்த கருமருந்துதான் பல நூற்றாண்டுகள் உலகத்துப் போர்க்களங்களை ஆண்டது. அதனுடைய பெருங்குறை, எரிந்தபின் பாதிக்கு மேற்பட்ட எடை திடப்பொருளாகவே எஞ்சிவிடுவது. அதுவே புகைத்திரையாகச் சுடுபவன் கண்ணை மறைத்தது, கசடாகக் குழலை அடைத்தது. 1846-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்துப் பேராசிரியர் ஷோன்பைன், பருத்தியை அமிலங்களில் தோய்த்தெடுத்து வெடிபஞ்சைக் கண்டறிந்தபோது, புகையில்லாத மருந்து கைக்கெட்டிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் அந்தப் பஞ்சு அளவுக்கு மீறிய அவசரம் படைத்தது. துப்பாக்கிக்குள் அது எரிந்த வேகத்தைக் குழல்கள் தாங்கவில்லை. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஃபாவர்ஷாமில் அதைத் தயாரித்த தொழிற்சாலை வெடித்து உயிர்கள் பலியாயின. வேகம் கிடைத்துவிட்டது, வேகத்துக்குக் கடிவாளம் கிடைக்கவில்லை என்பதே அன்றைய நிலை.

கடிவாளத்தை இட்டவர் பிரான்சின் பால் வியேய் என்னும் ரசாயன நிபுணர். 1884-இல் அவர் வெடிபஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பானில் பிசைந்து கூழாக்கி, தகடாகத் தேய்த்து, சிறு சில்லுகளாக நறுக்கி உலர்த்தினார். பஞ்சின் நுண்துளைகள் அடைபட்டுப்போனதால் நெருப்பு உள்ளே ஊடுருவ வழியின்றி, மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக மட்டுமே தின்றுகொண்டு போகவேண்டியதாயிற்று. மருந்தின் வேகத்தை அதன் வடிவத்தைக் கொண்டே அடக்கலாம் என்பது இதனால் உறுதிப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை இம்மருந்தை லெபெல் ரைபிளில் ஏற்றுக்கொள்ள, மற்ற வல்லரசுகள் திகைத்து எழுந்தன. 1887-இல் ஆல்பிரட் நோபல், வெடிபஞ்சின் இனத்தோடு நைட்ரோகிளிசரினையும் சேர்த்து பாலிஸ்டைட் என்ற மருந்தை உருவாக்கினார். 1889-இல் இங்கிலாந்தில் ஏபெலும் டூவரும் அதே பாதையில் சென்று கார்டைட்டை உருவாக்கினார்கள்.

கார்டைட் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் செல்பவர்கள் கடந்துபோகும் அரவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை அந்த மருந்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. பிசைந்த மருந்தை அச்சுத் துளைகள் வழியே இடியாப்பம் பிழிவது போலப் பிழிந்து, நீண்ட கயிறுகளாக எடுப்பதனால்தான் அதற்கு ஆங்கிலத்தில் கயிற்றைக் குறிக்கும் அப்பெயர் வந்தது. ஆங்கிலேயப் படையின் .303 தோட்டாவுக்குள் இருந்தவை அத்தகைய மெல்லிய இழைகளே.

இனி, துப்பாக்கிக்குள் நடப்பதைப் பார்ப்போம். கேப்பு பொறி கக்கியதும் மருந்து பற்றிக்கொண்டு வாயுவாக மாறுகிறது. அந்த வாயு குண்டை உந்துகிறது. குண்டு நகர நகரப் பின்னால் இடம் பெருகுகிறது. குண்டு குழலைக் கடக்கும் காலம் ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் அறிய வேண்டிய மர்மம் ஒன்று உண்டு: புகையில்லா மருந்து திறந்த வெளியில் வெறுமனே எரிந்து தீர்வதுதான், ஆனால் அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற அதன் எரியும் வேகமும் ஏறும், வேகம் ஏற அழுத்தம் மேலும் ஏறும். குண்டு விலகி இடம் கொடுக்கும் விரைவும் மருந்து வாயுவைப் பெருக்கும் விரைவும் ஒத்துப் போனால் அது உந்துவிசை. மருந்து முந்திக்கொண்டால் அது விபத்து. .30-06 என்னும் புகழ்பெற்ற அமெரிக்கத் தோட்டாவுக்கு அங்குள்ள தொழில் அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. சுடுபவரின் கன்னத்துக்கு அருகில் இத்தனை பெரிய சக்தியைக் கட்டிவைத்திருப்பது ஒரு எஃகுக் குழலும், ஒரு பித்தளைக் கூடும், மருந்தின் நிதானமுமே.

ஆகவே மருந்துகளை அவை எரியும் வேகத்தைக் கொண்டே தரம் பிரிக்கிறார்கள். கைத்துப்பாக்கிக்கு உரியவை விரைந்து எரிபவை. பெரிய ரைபிள்களுக்கு உரியவை மெதுவாக எரிபவை. கூட்டின் கொள்ளளவு பெரிதாகவும், குண்டு கனமாகவும், குழல் வாய் குறுகலாகவும் இருக்க இருக்க, மருந்து மேலும் மெதுவாக எரிய வேண்டும். ஏனெனில் கனமான குண்டு நகரத் தயங்குகிறது, அதன் தயக்கத்தை மருந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். .223 ரெமிங்டன் போன்ற சிறு கூட்டுக்குச் சற்று விரைவான ரைபிள் மருந்தும், .308 வின்செஸ்டருக்கு நடுத்தரமானதும், .30-06-இல் கனமான குண்டுக்கு அதனினும் மெதுவானதும், மேக்னம் என்னும் பெருங்கூடுகளுக்கு எல்லாவற்றிலும் மெதுவானதும் பொருந்தும். இந்த வேகத்தை அடக்குவதில் மருந்து மணியின் வடிவமும் உதவுகிறது. குச்சி வடிவ மணியின் நடுவே துளையிட்டால், வெளிப்புறம் எரிந்து சுருங்கும்போது உட்புறம் எரிந்து விரிய, மொத்தப் பரப்பு குறையாமல் நிற்கும். 1933-இல் பிரெட் ஆல்சன் உருவாக்கிய உருண்டை மருந்தில் அந்த வசதி இல்லாததால், எரிதலைத் தணிக்கும் பூச்சை மணியின் மேல் ஏற்றி அதே பயனைப் பெறுகிறார்கள். குச்சி மருந்து வெயில், குளிர் மாறுதல்களை ஓரளவு தாங்கி நிற்பதாகப் பெயர் பெற்றது. உருண்டை மருந்து அளவியிலிருந்து மணல் போலச் சீராக ஒழுகுவது. பாலைவனத்து வெயிலில் வேட்டைக்குப் போகிறவரும், வீட்டில் நூற்றுக்கணக்கில் நிரப்புகிறவரும் வெவ்வேறு மருந்தை நாடுவது இதனால்தான்.

இந்தக் கலை அமெரிக்காவில் பரவியதற்கு ஒரு மனிதரின் தொலைநோக்கு முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, ராணுவ ரைபிள்களுக்கென்று தயாரித்த 4895 என்னும் மருந்து டன் கணக்கில் மிஞ்சிக் கிடந்தது. கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கி, சாதாரண மக்களுக்குச் சகாய விலையில் விற்கத் தொடங்கினார். 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்காகச் செய்யப்பட்ட மிக மெதுவான மருந்தும் 4831 என்ற பெயரில் அவ்வாறே வேட்டைக்காரர் கைக்கு வந்தது. போருக்குச் செய்தது வீட்டு மேசைக்கு வந்து, ஒரு பெரிய தொழிலுக்கே வித்திட்டது.

அந்தச் சரித்திரமே ஓர் அபாயத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. ஒரே எண்ணைத் தாங்கிய மருந்துகள் இரண்டு வணிகப் பெயர்களில் வருகின்றன: ஐ.எம்.ஆர். 4831 வேறு, எச் 4831 வேறு. பின்னது முன்னதைவிட மெதுவானது. பின்னதற்குரிய அளவில் முன்னதை நிரப்பினால் அழுத்தம் எல்லை கடக்கக்கூடும். எரிவேக அட்டவணையும் வரிசையைச் சொல்லுமேயன்றி அளவைச் சொல்லாது. தயாரிப்பாளர்கள் சோதனைக் குழல்களில் அழுத்தத்தை அளந்து வெளியிடும் அளவு நூலே இதில் பிரமாணம். அதில் கண்ட உச்ச அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக ஏறிப் பார்ப்பதே மரபு. நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் பொற்கொல்லர் தராசில் இட்ட குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் எடை உள்ளது என்றால், அந்த நுட்பத்தை உணரலாம். அவ்வளவு சிறிய வேறுபாடும் உச்ச அளவின் விளிம்பில் பொருட்படுத்தத் தக்கதாகிறது.

மேசைமீது ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். மிஞ்சியதை அதன் பெயர் பொறித்த சொந்த டப்பாவிலேயே திருப்பிக் கொட்டவேண்டும். அடையாளம் தெரியாத மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. ஒரு கூட்டில் இருமுறை நிரப்பிவிடாதபடி ஒவ்வொன்றையும் விளக்கொளியில் உற்றுப் பார்க்கவேண்டும். மெதுவான மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் ஆபத்து என்பதைப் புதியவர்கள் அறிவதில்லை. அரைகுறையாக நிரம்பிய பெருங்கூட்டில் அழுத்தம் எதிர்பாராமல் பாய்ந்தெழக்கூடும். மருந்து முதுமையடையவும் செய்யும். காரமான அமில வாடையும் செம்பழுப்புப் புகையும் அது கெட்டுப்போனதற்கு அடையாளம். பிரெஞ்சுக் கடற்படையின் ஈயேனா என்னும் போர்க்கப்பல் 1907-இலும், லிபெர்த்தே 1911-இலும் துலோன் துறைமுகத்திலேயே வெடித்துச் சிதறி, நூற்றுக்கணக்கானோர் மாண்டதற்கு, கெட்டுப்போன மருந்தே காரணமாகக் கருதப்பட்டது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துப் பேணுவதன் அவசியத்தை அந்தக் கப்பல்கள் உயிர்விலை கொடுத்துக் கற்பித்தன.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆதலால் இது நாம் செய்து பார்ப்பதற்குரிய கலையன்று, புரிந்துகொள்வதற்குரிய கலை. புரிந்துகொண்டவர்க்கு அது ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வெடிபஞ்சைக் கண்டறிந்த நாளிலேயே மனிதனிடம் வேகம் இருந்தது. ரைபிளில் அது பயன்பட்டதோ, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து வியேய் அதற்கு நிதானத்தைக் கற்பித்த பிறகுதான்.